எண்ணெய்க் கடதாசியில் ஒரு முழங்கை

தர்மபுரம்
9.3.1968

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை. நான் சுகமாக இருந்திருந்தால் இந்த நேரம் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டில் குந்தியிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருசமாய் ஒரு நாள் பிந்தி மணி அடிக்காத என்னை.

என் முழங்கையில் கனகாலமாய் ஒரு படை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரிய கலாசாலையில் படிக்கும்போதே வந்தது. ஐம்பது சத நாணயக் குற்றி அளவில் பேசாமல் கிடந்தது. இந்த வருசம் தை மாதம் தொடக்கம் அதற்கு என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை. இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், தலைமயிர் ஓரம், இப்போது புறங்கையிலும் வந்துவிட்டது. சிவந்து தடித்து, மேலே வெள்ளைச் செதில். நான் எழும்பினால் கதிரையில் மா அரித்த மாதிரிக் கிடக்கிறது.

காய்ச்சல் திரும்பவும் வந்ததால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மலேரியாக் குளிசை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கு ஒருக்கால் வருகிற போயா விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாளில், வகுப்பு ஆசிரியர் தன் கையால் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கைப்புக்குப் பயந்து கன்னத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் பிறகு வேலியோரம் துப்பும். அதனால் முதலில் நான் விழுங்கி, ஆவென்று வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டுவேன். பிறகு அவர்கள் விழுங்கிக் காட்டுவார்கள். ஒரு கிழமையும் தப்பவில்லை.

போன கிழமை பக்கத்துக் காணிச் சிவனேஸ்வரி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள். அவளுடைய மகள்தான் என் வகுப்பில் முதலாம் பிள்ளை. "ரீச்சர், குறை நினையாதேங்கோ. உங்கட கையால என்ரை பிள்ளைக்கு இனி ஒண்டும் குடுக்க வேண்டாம்" என்றாள். படலையில் நின்று மற்றத் தாய்மாருக்குச் சொன்ன சொல் குட்டம். அடுத்த நாள் நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். தலைமையாசிரியர் அப்புத்துரை மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை, கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லுங்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் அரசாங்க அப்போதிக்கரி, சனத்துக்கு மருந்து கொடுக்கிறவர். இது குட்டம் இல்லையென்று ஒரு கடிதம் தாருங்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். நான் மூடிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
கமலாசனி


நாயாறு
17.3.1968

அன்புத் தங்கச்சி கமலாவுக்கு,

இந்தக் கிழமை இரத்தம் எடுத்த அறுபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேருக்கு மலேரியா. ஐந்து வருசத்துக்கு முன் நாட்டை விட்டே கலைத்துவிட்டோம் என்று வெடி கொளுத்தாத குறையாய்க் கொண்டாடினோம். இப்போது மீன்வாடிக் குடிசைகளில் வரிசையாய்ப் பாய் போட்டுக் கிடந்து நடுங்குகிறார்கள். அதுதான் கடிதம் பிந்தியது.

உனக்குக் குட்டமும் இல்லை, குஷ்டரோகமும் இல்லை. உன் மனுசனை, மச்சான் பாலனைக் கூப்பிட்டு, நீ கண்ணை மூடிக்கொண்டிருக்க, அந்தத் தடிப்பில் ஊசி முனையால் தொட்டுப் பார்க்கச் சொல். குட்டம் என்றால் உணர்ச்சி செத்திருக்கும். உனக்கு நோகும், சத்தமும் போடுவாய். இதற்குச் சோரியாசிஸ் என்று பெயர். தொற்றாது, ஆளைக் கொல்லாது, இலேசில் விட்டும் போகாது. என் கடிதம் ஒன்றும், மாவட்ட வைத்திய அதிகாரியின் கையெழுத்து வைத்த சான்றிதழ் ஒன்றும் இத்துடன் இருக்கின்றன. தார்க் களிம்பும் அனுப்புகிறேன். சீலையில் படாமல் பூசு.

முக்கியமான விசயம் இனித்தான். பள்ளிக்கூடம் போகாதபடியால் உனக்குக் குளிசை கிடையாது. உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன், கிழமைக்கு இரண்டு. மாதம் மாதம் அனுப்புவேன். தப்பவிடாதே. காடு வெட்டக் காணி கிடைத்து வந்த முதல் வருசம் எங்கள் ஐயா காய்ச்சலில் எப்படிப் போனார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று போர்வை போட்டும் அவர் நடுங்கின நடுக்கத்தில் கட்டில் நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அப்போது இந்தக் குளிசை எங்கள் வீட்டில் இருந்திருந்தால் ஐயா இன்றைக்கும் வரம்பில் நின்று எங்களை ஏசிக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் நான் இந்த உத்தியோகத்துக்கே வந்தேன்.

அண்ணன்,
பரமலிங்கம்


தர்மபுரம்
21.4.1968

அன்புள்ள அண்ணைக்கு,

ஊசி குத்திப் பார்த்தோம். நான் போட்ட சத்தத்தில் உங்கள் மச்சான் ஊசியைத் தொலைத்துவிட்டார். இன்னும் கிடைக்கவில்லை, எல்லோரும் பாயை உதறிவிட்டுத்தான் படுக்கிறோம்.

சான்றிதழைக் கொண்டு கிளிநொச்சிக்கு வித்தியாதிகாரியிடம் போனேன். வாசித்தார். மேசையில் வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "இது சரி, ஆனால் தாய் தகப்பன்மார் கடிதத்தைப் பாக்க மாட்டினம், உங்கட கையைத்தான் பாப்பினம்" என்றார். தோல் சுத்தமான பிறகு வரலாமாம். வருகிற தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் இப்படியே இருந்தால், சுகயீனக் காரணத்தால் ஓய்வு எழுதிவிடுவாராம். முப்பத்தைந்து வயதில் ஓய்வு! எனக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. அந்த நாற்பத்தொன்றையும் பறித்தால் நான் என்ன செய்வேன் அண்ணை?

வருசப்பிறப்புக்குப் பலகாரம் சுட்டு வேலிக்கு மேலால் அயலுக்குக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்த முகத்துடன் வாங்கினார்கள். பின்னேரம் சிவனேஸ்வரி வீட்டு மாடு என் கொக்கிஸ் பலகாரத்தைத் தின்றுகொண்டு நின்றது.

அழுது முடிய ஒரு வேலை தொடங்கினேன். இலங்கைப் படம் பிரதி பண்ண வகுப்பில் எண்ணெய்க் கடதாசி வைத்திருந்தேன் அல்லவா? அதை முழங்கையில் வைத்துத் தடிப்பின் ஓரத்தைப் பென்சிலால் கீறுகிறேன். பிறகு சதுரக் கோட்டுத் தாளில் வைத்து எத்தனை சதுரம் என்று எண்ணுகிறேன். ஒவ்வொரு போயாவுக்கும் ஒரு தாள், தேதியோடு. குறைகிறதென்று வித்தியாதிகாரிக்குக் காட்டலாம் என்ற எண்ணத்தில்தான் தொடங்கினேன். ஆனால் முதல் போயாவுக்கு நூற்றெழுபத்தாறு, இன்றைக்கு இருநூற்றுப் பதினாலு. இடது முழங்கையில் இருப்பது அச்சாய் யாழ்ப்பாணக் குடாநாடு. தீவுப்பகுதியும் உண்டு.

களிம்பு பூசுகிறேன், நாறுகிறது. குளிசையும் தப்பாமல் விழுங்குகிறேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

கமலாசனி


தர்மபுரம்
20.6.1968

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு மாதமாய் நான் எழுதாததற்குக் காரணம், எங்கள் வீட்டில் அம்மாள் இருந்தா. அம்மாள் இருக்கிற வீட்டிலிருந்து கடிதம் போகக்கூடாது என்று மாமி தபாற்காரரையே படலையில் மறித்துவிட்டா.

வைகாசி பிறக்க முன்னமே உங்கள் மச்சானுக்குக் கொப்புளிப்பான் போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். அவருக்குத் தண்ணீர் வார்த்து முடிய மாமிக்குப் போட்டது. எனக்கு ஏழு வயதிலேயே வந்து போனதால் நான் தப்பினேன். மாமியின் சட்டங்கள் உங்களுக்குத் தெரியும். தாளிதம் இல்லை, மீன் இல்லை, மருந்து என்ற பேச்சே இல்லை. வருத்தக்காரருக்கு மட்டுமில்லை, வீட்டில் ஒருவருக்கும் இல்லை. "அம்மாள் குளிர வந்திருக்கிறா, நீ குளிசை போட்டு அவவைச் சுடாதை" என்றா. களிம்பையும் வெளியே வைக்க வேண்டியதாயிற்று. நீங்கள் அனுப்பின குளிசை உறை நெல் மூட்டைக்கு அடியில் போனது. அது முடிய, வட்டப்பளை அம்மாள் கோவில் பொங்கல் வரைக்கும் நேர்த்தி. எல்லாமாய் ஒன்பது கிழமை.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டுக் கதிரையிலிருந்து விழ வேண்டாம். என் தோல் சுகம்!

அண்ணை, சுகம்! புறங்கை வெறும் புறங்கையாய் இருக்கிறது. முழங்காலில் ஒரு நிறவேறுபாடு மட்டும். குடாநாடு போய்விட்டது, மிச்சம் நெடுந்தீவு மட்டும். நேற்று எண்ணினேன், ஒன்பது சதுரம். சந்தோசத்தில் கிணற்றடியில் நின்று குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மாமி கற்பூரச் சட்டி எடுக்கப் போகிறா. போகும்போது முழு வருத்தத்தையும் அம்மாள் வாரிக்கொண்டு போய்விட்டாவாம். ஊரும் அதையே சொல்கிறது. அப்புத்துரை மாஸ்டர் வீட்டுக்கே வந்து, அடுத்த மாதக் கடைசியில் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கமலாசனி


நாயாறு
27.6.1968

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துப் பாதிச் சந்தோசம், பாதி நெஞ்சிடி. ஒன்பது கிழமை குளிசை இல்லாமல் இருந்திருக்கிறாய்! தர்மபுரத்தில் மட்டும் சித்திரையிலிருந்து நாற்பது பேருக்குக் காய்ச்சல் என்று அறிக்கை என் கையில் இருக்கிறது. அம்மாளோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அம்மாள் நுளம்பு பிடிக்கப் போவதில்லை. புதுக் குளிசை இத்துடன் வருகிறது. கடிதம் கிடைத்த நேரமே விழுங்கு. என் மேல் ஆணை.

தோல் சுகமானது பெரிய காரியம். இந்த வருத்தம் தானாய் வந்து தானாய்ப் போகிற சாதி. இங்கேயும் ஒருவர் இருக்கிறார், மரியநேசன் என்று. நல்ல சம்மாட்டி, தோணியும் ஆட்களும் வைத்திருக்கிறவர். அவருக்கும் உன்னுடையது போலத்தான், இந்த வருசம் முதுகு முழுக்கப் பரவிவிட்டது. நாயாற்றுக் களப்புத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்கிறார். பத்து வருசமாய் அதே தண்ணீரில்தான் நிற்கிறார்.

பரமலிங்கம்


தர்மபுரம்
4.8.1968

அண்ணைக்கு,

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. போகவும் முடியாது. திரும்ப வந்துவிட்டது.

உங்கள் ஆணைப்படி 30.6 அன்றே விழுங்கினேன். மூன்றாம் கிழமை முழங்கை சிவந்தது. நாலாம் கிழமை புறங்கை. இன்றைக்கு நூற்றறுபது சதுரம். மாமி, நேர்த்தியில் நான் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்கிறா. ஊர், அம்மாள் கோபித்துவிட்டா என்கிறது. நான் கணக்கு ரீச்சர். கோபத்தை எண்ண எனக்குத் தெரியாது, சதுரத்தை எண்ணத் தெரியும்.

எல்லாத் தாள்களையும் நிலத்தில் வரிசையாய் அடுக்கினேன். பக்கத்தில் குளிசை விழுங்கின நாட்களை, வரவு இடாப்பில் பிள்ளைகளுக்குப் போடுகிறது போல, விழுங்கின நாளுக்குக் கோடு, விழுங்காத நாளுக்குப் பூச்சியம் என்று குறித்தேன். தையில் கோடு தொடங்குகிறது, படை வளர்கிறது. சித்திரையில் பூச்சியம் தொடங்குகிறது, படை வடிகிறது. ஆனியில் திரும்பக் கோடு, திரும்பப் படை. தார்க் களிம்பு பூசின காலத்தில் கூடியது, பூசாத காலத்தில் குறைந்தது, ஆகவே களிம்பாலும் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளையும் இந்தக் கணக்கைச் செய்யும்.

அம்மாள் என் வருத்தத்தைக் கொண்டுபோகவில்லை அண்ணை. அம்மாளின் பெயரால் மாமி நிற்பாட்டினது உங்கள் குளிசையை. அதுதான் நடந்தது.

தாள்களின் பிரதி அனுப்புகிறேன். எண்ணிப் பாருங்கள்.

கமலாசனி


நாயாறு
10.8.1968

கமலாசனிக்கு,

உன் கடிதத்துக்கு முந்தியே கதை வந்து சேர்ந்துவிட்டது. உன் மாமி கோவிலில் சொல்லியிருக்கிறா. தர்மபுரத்து ரீச்சருக்குக் குளிசையால் குட்டம் வந்ததாம். நேற்று ஒரு தாய், தன் இரண்டு பிள்ளைகளின் குளிசையையும் என் கண்ணுக்கு முன்னால் கடலில் எறிந்தாள். "அப்போதிக்கரி ஐயா, உங்கட தங்கச்சிக்கு நடந்தது எங்களுக்கு வேண்டாம்" என்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறாய். உனக்குச் சொறி, இவர்களுக்கு உயிர். ஐயாவின் பிள்ளை நீ. எத்தனை ஆயிரம் பேர் இதே குளிசையை விழுங்குகிறார்கள், எவருக்குப் படை வந்தது? இரண்டு கடதாசி கீறிவிட்டால் ஆராய்ச்சியாகிவிடுமோ?

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

பரமலிங்கம்


தர்மபுரம்
1.9.1968

அண்ணைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

மாமியின் கதை எனக்கும் தெரியாது. தெரிந்த அன்று வாழ்க்கையில் முதல் தரமாய் மாமியை எதிர்த்துப் பேசினேன். அவ சாப்பிடாமல் இருந்தா, நானும் சாப்பிடாமல் இருந்தேன், நடுவில் உங்கள் மச்சான் இரண்டு பேருடைய பங்கையும் சாப்பிட்டார்.

பிறகு கேள்விப்பட்டேன், சிவனேஸ்வரிக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல். அவள் வீட்டுக் குளிசையெல்லாம் வாய்க்காலில் போய்விட்டதாம். நான் போனேன். ஆறு மாதத்தில் முதல் தரம் அந்தப் படலையைத் திறந்தேன். போர்வைக்குள் கிடந்து பல் அடித்துக்கொண்டிருந்தாள். ஐயாவின் கட்டில் தட்டின சத்தம் என் காதில் கேட்டது. அண்ணை, உங்களுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்கிறதென்று நினைக்க வேண்டாம்.

குளிசையை நீட்டினேன். என் கையைப் பார்த்தாள். "என்ரை கையால வேண்டாம் எண்டனீங்கள், சரி. கரண்டியால தாறன், ஆவெண்டுங்கோ" என்றேன். சிரிப்பும் அழுகையுமாய் வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினாள். மூன்றாம் நாள் எழும்பிவிட்டாள்.

அதன் பிறகு இந்தப் பகுதியில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்றபடி ஒவ்வொரு வீட்டிலும் சொன்னது இதுதான். "என்ரை தோல்லை முந்தியே இந்த வருத்தம் இருந்தது. குளிசை அதைக் கிளப்பிவிட்டுது. உங்கட தோல்லை இது இல்லை. உங்களுக்குக் குளிசை நல்லது. விழுங்குங்கோ." ஒரே சோறுதான், நீரிழிவுக்காரனுக்கு மட்டும் கூடாது. அதற்காக ஊரில் எவரும் உலையை இறக்கவில்லையே.

நான் விழுங்குவதை நிற்பாட்டி நாலு கிழமை. நுளம்பு வலைக்குள் படுக்கிறேன். நூற்றறுபது இன்று நூற்றுப் பத்து. ஆனால் இது என் ஒருத்தியின் தோல். ஒருத்தியை வைத்து எவரும் நம்ப மாட்டார்கள், நீங்களே நம்பவில்லை. உங்கள் மரியநேசன் எப்போது தொடக்கம் குளிசை விழுங்குகிறார்? களப்புத் தண்ணீருக்குப் பத்து வயது. குளிசைக்கு எத்தனை வயது?

கமலாசனி


நாயாறு
20.10.1968

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஏழு கிழமையாய் உனக்கு நான் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. எழுத எனக்கு முகம் இருக்கவில்லை.

உன் கடைசிக் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இடாப்பை எடுத்துப் பார்த்தேன். மரியநேசன் முதல் குளிசை வாங்கினது மாசி மாதம். படை பரவுகிறதென்று என்னிடம் வந்தது பங்குனி. இரண்டையும் என் கையால், ஒரே பேனையால், ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையுமில்லை, சறுக்கின அடி மட்டும் ஆனை அடி.

வாடி வாடியாய்ப் போய்த் தேடினேன். முன்னமே இந்த வருத்தம் இருந்து குளிசையும் விழுங்குகிறவர்கள் ஐந்து பேர் அகப்பட்டார்கள். மாவட்ட வைத்திய அதிகாரியின் அனுமதியோடு ஐந்து பேருக்கும் குளிசையை நிற்பாட்டி, ஆளுக்கொரு வலை கொடுத்து, கிழமைக்கு ஒருக்கால் இரத்தம் எடுத்தேன். உன் மாதிரியே எண்ணெய்க் கடதாசியும் வாங்கினேன். மரியநேசனின் முதுகைக் கீற அவருடைய பெண்சாதி யூலிற்றாதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய வந்து கீறித் தருவா. ஐந்து கிழமையில் நாலு பேருக்குப் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. ஐந்தாம் ஆளுக்கு ஒரு மாற்றமும் இல்லை, அதையும் எழுதி வைத்திருக்கிறேன். குளிசையைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால் உறுதியாய்த் தெரியும் என்று கேட்டேன். யூலிற்றா விளக்குமாற்றை எடுத்துவிட்டா. "திருப்பிக் குடுத்துப் பாக்க எங்கட மனிசன் என்ன எலியோ? ஒருமிச்சுத் தோணியில ஏற இப்பத்தான் ஆக்கள் வருகினம்!" என்றா.

திரும்பக் கொடுத்துப் பார்த்த கணக்கு ஒன்றுதான் இருக்கிறது. அது உன்னுடையது. கொடுத்தவன் நான். தபாலில் மடித்து மடித்து அனுப்பினேன். ஆணையும் போட்டேன். ஐயாவைக் காப்பாற்றாத குற்றத்துக்கு உன்னைக் காப்பாற்றப் போய், உன் தோலை நானே உரித்திருக்கிறேன். கமலா, என்னை மன்னித்துக்கொள். நீ சரி. நான் பிழை.

தாள்கள் எல்லாவற்றையும் தோல் வைத்தியர் டாக்டர் கிறிஸ்தோப்பருக்கு அனுப்பினேன். பெரிய ஆள், இலேசில் மறுமொழி போடாதவர். ஆறாம் நாள் பதில் வந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இப்படி ஒன்றிரண்டு பேரைப் பற்றி வாசித்திருக்கிறாராம். ஆனால் இந்தக் குளோரோகுவின் குளிசையை விழுங்கி, நிற்பாட்டி, திரும்பத் தொடங்கி, திரும்பவும் நிற்பாட்டி, ஒரு கிழமை தப்பாமல் கீறின கணக்கை அவர் எங்கேயும் கண்டதில்லையாம். "இதைச் செய்த வைத்தியர் யார்?" என்று கேட்டிருக்கிறார். நாலாம் வகுப்பு ரீச்சர் என்று எழுதிவிட்டேன்.

உனக்குக் குளிசைக்குப் பதிலாய்ப் பழைய கொயினா மிக்சர் குடிக்கச் சொல்கிறார். போத்தல் இத்துடன் வருகிறது. ஒத்துக்கொள்கிறதா என்று கீறிக்கொண்டே பார். ஒரு விசயம், குளிசையின் கைப்பு இதற்கு முன்னால் சர்க்கரை.

உன் அண்ணன்,
பரமலிங்கம்


தர்மபுரம்
15.12.1968

அன்புள்ள அண்ணைக்கு,

முதலில் மன்னிப்பு விசயம். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தங்கச்சி செத்துவிடுவாள் என்று பயந்து ஒருவர் குளிசை அனுப்பினால், அதற்கு எந்த ஊரில் தண்டனை? ஆனால் "நீ சரி, நான் பிழை" என்று எழுதின தாளை மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப்போகிறேன். நாற்பது வயதில் முதல் தரமாய் எழுதியிருக்கிறீர்கள்.

டாக்டர் கிறிஸ்தோப்பர் எங்களைக் கூப்பிட்ட வவுனியா வைத்தியர் கூட்டத்துக்கு நீங்களும் வருவீர்கள் என்று பார்த்தேன். காய்ச்சல்காரரை விட்டு வர ஏலாது என்று தந்தி அடித்துவிட்டீர்கள். ஆகவே உங்கள் பங்கையும் சேர்த்து நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பரந்தனில் பஸ் மாறி உங்கள் மச்சானும் நானும் போய்ச் சேர்ந்தோம். முப்பது டாக்டர்மார். நான் கடைசிக் கதிரையில் இருந்தேன். டாக்டர் கிறிஸ்தோப்பர் என் தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். மரியநேசனின் முதுகும் பக்கத்தில் தொங்கியது. என் குடாநாடு பெருத்து, சிறுத்து, நெடுந்தீவாகி, திரும்பப் பெருத்து, திரும்பச் சிறுத்து. வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒரு பெரிய டாக்டர் எழும்பி, "களிம்பாலும் சுகப்பட்டிருக்கலாம், வெயிலாலும் சுகப்பட்டிருக்கலாம், அந்த ஒன்பது கிழமையும் வேறு மருந்து ஒன்றும் பாவிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். டாக்டர் கிறிஸ்தோப்பர் என்னைப் பார்த்தார். எழும்பினேன். "எங்கட வீட்டில அம்மாள் இருந்தவ, ஐயா. அம்மாள் இருக்கிற வீட்டில பச்சைத் தண்ணியும் வேப்பிலையும் தவிர வேற ஒண்டும் உள்ளட ஏலாது. என்ரை மாமியைத் தாண்டி ஒரு குளிசை வந்திருக்குமெண்டு நீங்கள் நினைச்சால், ஒருக்கா எங்கட வீட்டுப் படலைக்கு வந்து பாருங்கோ" என்றேன். அந்த மண்டபம் சிரித்த சிரிப்பில் கேள்வி கேட்டவரும் சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அதைவிடக் கண்டிப்பான ஆஸ்பத்திரி தன்னிடமும் இல்லையாம்.

தீர்மானம் இதுதான். வன்னியில் குளிசை கொடுக்க முதல் ஒவ்வொருவரையும் தோலில் இந்தப் படை உண்டோ என்று கேட்க வேண்டும். இருந்தால் அவருக்கு வேறு மருந்து. மற்ற எல்லோருக்கும் குளிசை கட்டாயம், ஒரு கிழமையும் தப்பாமல். கேட்க வேண்டிய கேள்வியை எந்தச் சொல்லில் கேட்டால் சனத்துக்கு விளங்கும் என்று என்னிடம்தான் கேட்டு எழுதினார்கள். முப்பது டாக்டர்மாருக்கும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டு பேர் கொப்பியில் பார்த்து எழுதினார்கள்!

வரும் வழியில் பஸ்ஸில் உங்கள் மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. பரந்தன் சந்தியில் இறங்கினதும் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். அவருக்கு அது பெரிய பேச்சு.

இன்றைக்கு ஆறு சதுரம். தை மாதப் பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் நாலு கிழமை இருக்கிறது.

கமலாசனி


தர்மபுரம்
15.1.1969

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்றுப் பொங்கினோம். பொங்கலுக்கு முதல் நாள், போயா கழிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், குளிசை நாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வித்தியாதிகாரி வந்திருந்தார். என் கையைப் பார்க்க வந்தவர். நான் குட்டைக் கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், ஒரு வருசத்துக்குப் பிறகு. இரண்டு கையையும் அவருடைய மேசையில் நீட்டி வைத்தேன். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். "தொடங்குங்கோ, ரீச்சர்" என்றார். இந்த முறை கையைத் துடைக்கவில்லை.

என்னோடு ஐந்தாம் வகுப்புக்கு ஏறின நாற்பத்தொரு பேரும் வரிசையில் நின்றார்கள். தாய்மார் வேலியோரம். முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் புதுக் கேள்வி கேட்டேன். பிறகு, முன்மாதிரி நான்தானே? கொயினாப் போத்தலைத் திறந்து, ஒரு கரண்டி வார்த்து, எல்லோரும் பார்க்கக் குடித்தேன். அண்ணை, நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆறு சதுரத்துக்கும் சேர்த்து என் முகம் சுருங்கியது. நாற்பத்தொரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் குளிசையைக் கண்டு போன வருசம் அழுத சனியன்கள், என் மிக்சரைக் கண்டு தங்களுக்குக் குளிசை போதும் என்று முண்டியடித்து வந்தார்கள்.

வரிசையின் முதலில் சிவனேஸ்வரியின் மகள். கொடுக்கக் கரண்டி எடுத்தேன். வேலியோரம் நின்ற தாய் படலையைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள். போன வருசம் வந்தது போலவே விறுவிறென்று வந்தாள். கரண்டியை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். என் கையை விரித்து, உள்ளங்கையில் இரண்டு குளிசையை வைத்தாள். "ரீச்சற்றை கையால வாங்கு" என்று பிள்ளையைத் தள்ளிவிட்டாள்.

எல்லோரும் கையால்தான் வாங்கினார்கள். எல்லோரும் நாக்கைத் தூக்கிக் காட்டினார்கள்.

அப்புத்துரை மாஸ்டர் இடாப்பைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு கோடு. பூச்சியம் ஒன்றுமில்லை.

மிக்சர் இன்னும் எட்டு நாளைக்குத்தான் காணும். தபாலில் போத்தல் உடையும், அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள். இந்த வீட்டுக்கு நீங்கள் வந்து ஒன்றரை வருசமாகிறது, பொங்கல் புக்கையும் உங்களுக்கென்று ஒரு பங்கு மூடி வைத்திருக்கிறேன்.

தங்கச்சி,
கமலாசனி